“மேல் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்”

பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்து தங்கிவிட்ட நம்மவர்களிடையே நெடுநாளாக ஒரு நம்பிக்கை இருந்து வருகிறது. வீட்டுக்காரர் வழக்குப் போட்டாரா? போடட்டும். வாடகை அதிகாரி காலி செய்யும்படி உத்தரவிட்டாரா? அதனால் என்ன, மேல் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் ஒரு கோர்ட்டு இருக்கிறது. கடைசித் தீர்ப்பு வருவதற்குள் குழந்தைகள் படித்துப் பெரியவர்களாகி விடுவார்கள்!

இந்நம்பிக்கை அடியோடு பொய் என்று கூறிவிட முடியாது. நம் தந்தையர் காலத்தில் அது பெரும்பாலும் மெய்யாகவே இருந்தது. ஆனால் சட்டம் மாறிவிட்டது. நம்பிக்கை மாத்திரம் மாறவில்லை. வெளியேற்ற உத்தரவு ஒன்றை மேல் நீதிமன்றம் எந்த அளவுக்குப் பரிசீலிக்கும், எந்த எல்லைக்கு மேல் அதில் தலையிடாது என்பதை அறியாமையால், முதல் கோர்ட்டில் அசட்டையாக இருந்துவிட்டு வீட்டை இழப்பவர்கள் உண்டு. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகிறோம். இங்கே பேசப்படுவது டில்லியின் சட்டம். மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் அன்பர்களுக்கு அந்தந்த மாநிலத்தின் வாடகைச் சட்டம் வேறாக இருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

டில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1958-ஆம் ஆண்டினது. 1959 பிப்ரவரி 9-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதற்குப் பதிலாக 1995-ல் நாடாளுமன்றம் ஒரு புதிய சட்டத்தை இயற்றியும் அது நடைமுறைக்கு வரவேயில்லை. எனவே பழைய சட்டமே இன்றும் ஆட்சி செய்கிறது. அச்சட்டத்தின் 14-ஆவது பிரிவில் கூறப்பட்டுள்ள காரணங்களுள் ஏதேனும் ஒன்றை நிரூபித்தால் அன்றி, வாடகைக்கு இருப்பவரை வெளியேற்ற இயலாது. வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விடுதல், வீட்டில் வசிக்காமல் இருத்தல், சொந்த உபயோகத்துக்கு வீடு தேவைப்படுதல் முதலியன அக்காரணங்களுட் சில.

முதலில் இச்சட்டம் மூன்று படிகளை வைத்திருந்தது. வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி முதற்படி. அவருடைய உத்தரவின்மேல் வாடகைத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு இரண்டாவது படி. முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால் உயர் நீதிமன்றத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு மூன்றாவது படி. டில்லிக்குத் தனி உயர் நீதிமன்றம் 1966 அக்டோபர் 31-ல்தான் ஏற்பட்டது. அதுவரை பஞ்சாப் உயர் நீதிமன்றமே அவ்வழக்குகளை விசாரித்தது. இந்த மூன்று படிகளிலும் ஏறி இறங்க எத்தனை ஆண்டுகள் பிடித்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். “மேல் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்” என்ற பேச்சு பிறந்தது அக்காலத்தில்தான்.

பின்னர் இரண்டு திருத்தங்கள் வந்தன. 1976-ல் இயற்றப்பட்டு, 1975 டிசம்பர் 1 முதலே அமலானதாகக் கொள்ளப்பட்ட முதல் திருத்தம், வீட்டுக்காரர் தமக்கே வீடு தேவை என்று கேட்கும் வழக்குகளுக்கு ஒரு சுருக்கமான விசாரணை முறையை உண்டாக்கிற்று. 25-பி என்பது அந்தப் பிரிவு. அம்முறையில் பிறக்கும் வெளியேற்ற உத்தரவுக்கு மேல்முறையீடு இரண்டும் இல்லை; முதலாவதும் இல்லை, இரண்டாவதும் இல்லை. உத்தரவு சட்டப்படி அமைந்ததுதானா என்று உயர் நீதிமன்றம் ஆவணங்களை வரவழைத்துப் பார்க்கலாம் என்ற அளவோடு சட்டம் நின்றுவிட்டது. வக்கீல்கள் ரிவிஷன் என்றும், தமிழில் சீராய்வு என்றும் சொல்லுவது இதைத்தான். 1988-ல் வந்த இரண்டாவது திருத்தம் ஏனைய வழக்குகளிலும் கத்தரியை வைத்தது. உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும் இரண்டாவது மேல்முறையீடு அறவே நீக்கப்பட்டது. தீர்ப்பாயத்துக்குச் செல்லும் முதல் மேல்முறையீடும் சட்டப் பிரச்சினைகளுக்கு மாத்திரம் என்று சுருக்கப்பட்டது. அதையும் முப்பது நாட்களுக்குள் செய்தாக வேண்டும்.

மேல்முறையீடு வேறு, சீராய்வு வேறு

இவ்விரண்டும் ஒன்றே என்று எண்ணுகிறவர்கள் அநேகர். இரண்டிலும் பெரிய கோர்ட்டு, கறுப்பு அங்கி, வாதப் பிரதிவாதம் எல்லாம் உண்டு என்பதால் வந்த மயக்கம் இது.

வரம்பில்லாத மேல்முறையீடு என்பது வழக்கை மறுபடியும் கேட்பதற்கு ஒப்பாகும். சாட்சி சொன்னவரை நம்பலாமா, ரசீது மெய்யானதா, வீட்டுக்காரருக்கு உண்மையிலேயே இடம் போதவில்லையா என்பவற்றையெல்லாம் மேல் நீதிபதி தாமே எடைபோட்டு, கீழே இருந்தவரிடமிருந்து மாறுபட்ட முடிவுக்கு வரலாம். சீராய்வில் அவ்வாறு இல்லை. “நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன முடிவு செய்திருப்பேன்?” என்று உயர் நீதிமன்றம் கேட்பதில்லை. “அந்த நாற்காலியில் இருந்தவர் சட்டம் வகுத்த வழியில் நடந்து முடிவு செய்தாரா?” என்பதே அங்கே கேள்வி. வழியில் நடந்திருந்தால், அவருடைய முடிவு நமக்குப் பிடிக்காவிட்டாலும், ஏன், உயர் நீதிமன்றத்துக்கே முழு மனத்தோடு பிடிக்காவிட்டாலும், அது நிலைக்கும்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கிய தீர்ப்பு ஒன்று 1961-லேயே சுப்ரீம் கோர்ட்டிலிருந்து வந்தது. டில்லிக்கும் ஆஜ்மீருக்கும் பொதுவாக இருந்த 1952-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் கீழ் எழுந்த ஹரிசங்கர் வழக்கில் நீதிபதி இதாயதுல்லா எழுதியது அது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாயிருந்த போமாண்ட் முன்னரே கூறியிருந்த விளக்கத்தையும் அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அதன் சாரம் வருமாறு. அதிகாரமே இல்லாத ஒருவர் வழக்கை விசாரித்திருந்தாலும், ஏற்கத் தகாத சாட்சியத்தை ஆதாரமாகக் கொண்டு முடிவு செய்திருந்தாலும், தோற்றவர் தம் கட்சியைச் சொல்லத் தக்க வாய்ப்பு அளிக்கப்படாமல் இருந்தாலும், நிரூபிக்கும் பொறுப்பை ஒருவர் தோளிலிருந்து எடுத்துத் தவறாக மற்றவர் தோளில் ஏற்றியிருந்தாலும், அந்த உத்தரவு சட்டப்படி அமைந்தது ஆகாது. இவை போன்றவற்றில் மேல் நீதிமன்றம் தலையிடும். சாட்சியங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்து வேறு முடிவுக்கு வரலாமே என்பது மாத்திரம் தலையிடக் காரணம் ஆகாது.

2014-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு ஆயம் கேரளம், அரியானா, தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் வாடகைச் சட்டங்களையும் சேர்த்து ஆராய்ந்து, சீராய்வு என்ற பெயரில் உயர் நீதிமன்றம் இரண்டாவது மேல்முறையீட்டு மன்றமாக மாறிவிட முடியாது என்று தீர்த்தது. ஆயினும் சாட்சியத்தைத் தப்பாகப் படித்தோ, முக்கியமான சாட்சியத்தைப் புறக்கணித்தோ, ஆதாரமே இல்லாமலோ செய்யப்பட்ட முடிவைத் திருத்தலாம் என்ற வாயிலைத் திறந்தே வைத்திருக்கிறது. (அங்கே ஆராயப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் 1960-ஆம் ஆண்டினது. 2019 பிப்ரவரி 22 முதல் அதன் இடத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அமலில் இருக்கிறது. சென்னையில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இங்கே இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நலம்.) டில்லியின் 25-பி பிரிவைப்பற்றி 2022-ல் வந்த ஒரு தீர்ப்பில், மேல்முறையீட்டை நாடாளுமன்றம் தெரிந்தேதான் நீக்கியது என்பதைச் சுட்டிக்காட்டி, வாடகை அதிகாரியின் முடிவை மாற்றியிருந்த உயர் நீதிமன்ற உத்தரவைச் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது.

ஆக, வீட்டுக்காரரின் சொந்தத் தேவை பற்றிய வழக்கு உண்மையில் வெல்லப்படுவதும் தோற்கப்படுவதும் முதற்படியிலேயே. அந்த முதற்படிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அவகாசமோ பதினைந்து நாள்.

பதினைந்து நாள்

சம்மன் கைக்குக் கிடைத்ததிலிருந்து பதினைந்து நாட்களுக்குள், வழக்கை எதிர்த்து வாதாட அனுமதி வேண்டுமென்று பிரமாணப் பத்திரத்துடன் மனுச் செய்ய வேண்டும். அபிடவிட் என்றால் எல்லோருக்கும் தெரியும். அனுமதி கேட்காவிட்டால், அல்லது கேட்டும் கிடைக்காவிட்டால், வீட்டுக்காரர் தம் மனுவில் சொன்ன யாவற்றையும் குடியிருப்பவர் ஒப்புக்கொண்டதாகவே சட்டம் கருதிவிடும். சாட்சி விசாரணை இல்லை. குறுக்கு விசாரணை இல்லை. நேரே வெளியேற்ற உத்தரவுதான். நாள் தவறிவிட்டதே, தயவு செய்து மன்னியுங்கள் என்று கேட்கவும் இடமில்லை. இந்தத் தவணையை நீட்டிக்க வாடகை அதிகாரிக்கு அதிகாரம் இல்லை என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது.

நம் குடும்பங்களின் நிலையை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். கோடை விடுமுறையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறோம். ஊரில் ஒரு கல்யாணம், ஒரு காரியம் என்றால் இருபது நாள் ஆகிவிடுகிறது. இந்தியிலோ ஆங்கிலத்திலோ வந்த காகிதத்தை, வயதான தாயார் கையெழுத்துப் போட்டு வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார். வேறு சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டுக்காரரிடமிருந்து ரிஜிஸ்டர் தபால் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புவதே சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். வாடகை அதிகாரி அனுப்பிய சம்மனை இவ்வாறு திருப்பினால், வாங்க மறுத்தார் என்று தபால்காரர் எழுதிய குறிப்பையே ஆதாரமாகக் கொண்டு, சம்மன் முறைப்படி சேர்ப்பிக்கப்பட்டது என்று அவர் அறிவிக்கலாம். சாமர்த்தியத்தின் பயன் பதினைந்து நாளும் போனதுதான்.

பழைய வழக்குகள் முடிவின்றி நீண்டதைக் கண்டு சலித்துப்போய் இம்முறையைக் கொண்டுவந்தார்கள் என்பது உண்மையே. ஆயினும் மேல்முறையீட்டை எடுத்துவிட்டு, முதல் அவகாசத்தையும் இத்தனை குறுகலாக்கியது சற்று அதிகந்தான் என்பது எமது அபிப்பிராயம். முப்பது நாள் கொடுத்திருந்தால் எந்த வீட்டுக்காரருக்கும் பெரிய நஷ்டம் ஏற்பட்டிராது.

பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டியதிலும் கவனம் தேவை. “வீட்டுக்காரரின் தேவை பொய்யானது, கெட்ட எண்ணத்தோடு வழக்குப் போட்டிருக்கிறார்” என்று பொத்தாம் பொதுவாக எழுதுவதில் பயனில்லை. அவருக்கு இந்நகரில் வேறு எங்கே வீடு இருக்கிறது, அதே கட்டடத்தில் எந்த மாடி காலியாக உள்ளது, சமீபத்தில் எந்தப் பகுதியை யாருக்கு வாடகைக்கு விட்டார், அவர் குடும்பத்தில் எத்தனை பேர் உண்மையில் அங்கே வசிக்கிறார்கள் என்று விவரமாகச் சொல்ல வேண்டும். வீட்டை விலைக்கு வாங்கி ஐந்தாண்டு ஆகாதவர் இக்காரணத்தைக் காட்டி வழக்குத் தொடர முடியாது என்று சட்டமே கூறுகிறது. அப்படியானால் அதையும் சொல்ல வேண்டும். இவ்விவரங்கள் மெய்யானால் வீட்டுக்காரருக்கு உத்தரவு கிடைக்காது என்று தோன்றினாலே அனுமதி அளித்தாக வேண்டும். அந்தக் கட்டத்தில் நிரூபணம் கேட்கக் கூடாது. பதான்கோட்டில் வீட்டோடு வசித்து வந்த ஒருவர், டில்லியிலுள்ள தம் வீடு தமக்குத் தேவை என்று கேட்ட ஒரு வழக்கில், இத்தகைய கேள்வியை விசாரணை இல்லாமல் முடிவு செய்ய முடியாது, குடியிருப்பவருக்கு அனுமதி தர வேண்டியதே என்று சுப்ரீம் கோர்ட்டு கருதியது. அந்தத் தீர்ப்பு 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுதிகளில் வெளியாயிற்று. சீராய்வு குடியிருப்பவருக்குப் பயன்படும் முக்கியமான இடம் இதுவே. எதிர்த்து வாதாடத் தக்க விவரங்கள் பத்திரத்தில் இருந்தும் அனுமதி மறுக்கப்பட்டிருந்தால், அது சட்டப்படியான உத்தரவு அன்று என்று உயர் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டலாம். பத்திரத்தில் அவ்விவரங்களே இல்லாவிட்டால் எந்தப் பெரிய வக்கீலும் எதைக் காட்டுவார்?

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. நம்மவர்களிலும் ஓய்வு பெற்றபின் வீட்டுச் சொந்தக்காரர்களாக இருப்பவர்கள் பலர். ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியர்களுக்கும், கணவனை இழந்த பெண்களுக்கும் தம் வீட்டை விரைவில் திரும்பப் பெறத் தனிப் பிரிவுகளே 1988-ல் சேர்க்கப்பட்டன. கன்னாட் சர்க்கஸில் சுமார் ஆயிரம் சதுர அடி உள்ள ஓர் இடம் 1944 முதல் மாதம் 371 ரூபாய் 90 காசு வாடகையிலேயே இருந்து வந்தது. அதில் வெளியேற்ற உத்தரவு பிறந்து, குடியிருந்த கம்பெனி மேல்முறையீடு செய்தபோது, உத்தரவை நிறுத்தி வைக்க வேண்டுமானால் மாதம் 15,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயம் நிபந்தனை விதித்தது. அந்த நிபந்தனை சரியே என்று முடிவில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2005-ஆம் ஆண்டுத் தொகுதிகளில் வெளியான அத்தீர்ப்புக்குப் பிறகு, நாளை கடத்துவதற்காகவே மேல் கோர்ட்டுக்குப் போவது செலவு மிகுந்த காரியமாகிவிட்டது. வெளியேற்ற உத்தரவு பிறந்த நாளிலிருந்து பழைய வாடகை செல்லாது. அந்த இடத்துக்கு வெளியே என்ன வாடகை கிடைக்குமோ அதைக் கட்டும்படி மேல் நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம். நானூறு ரூபாய் வாடகையில் இருப்பவர் அப்பீலில் தோற்றால் லட்சக் கணக்கில் நஷ்டம் என்றால், எண்ணிப் பார்த்துத்தானே இறங்க வேண்டும்?

நம்மவர்களுக்கு நேரும் வேறு சில வழக்குகள்

சொந்தத் தேவை அல்லாத மற்றக் காரணங்களில் விசாரணை முழுமையாக நடக்கும். ஆயினும் மேலே சொன்னபடி தீர்ப்பாயத்துக்குச் சட்டப் பிரச்சினையோடுதான் போக முடியும். அதற்கு மேல் அரசியல் சாசனத்தின் 227-ஆவது விதியின் கீழ் உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வை அதிகாரம் ஒன்று உண்டு. அதன் வரம்பும் குறுகியதே. எனவே இங்கும் முதற்படியில் வைக்கும் சாட்சியமே வழக்கைத் தாங்கும்.

ஊரிலிருந்து அக்காள் மகன் வேலை தேடி வருகிறான், நம்மோடு தங்குகிறான். இது உள்வாடகை ஆகாது. ஆனால் நமக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி, வீட்டுச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு போய்விட்டால் நிலைமை வேறு. வீட்டின் பிடிப்பை வேறொருவர் கையில் விட்டுவிட்டதாகவும், ஆறு மாதமாகக் குடியிருப்பவரும் அவர் குடும்பத்தாரும் அங்கே வசிக்கவில்லை என்பதாகவும் இரண்டு காரணங்களின் மேல் வழக்கு வரக்கூடும். பிரசவத்துக்கும் வைத்தியத்துக்கும் நெடுநாள் ஊரில் தங்க நேர்ந்தவர்கள், மின்சாரக் கட்டண ரசீது, குழந்தைகளின் பள்ளிச் சான்று முதலிய காகிதங்களைப் பத்திரப்படுத்தி வைப்பது அவசியம். அரசாங்கக் குடியிருப்பு ஒதுக்கப்பட்டதும் பழைய வாடகை வீட்டையும் விடாமல் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் உத்தியோகஸ்தர்களிடம் உண்டு. வேறு வீடு கட்டினாலோ, வாங்கிக் குடிபுகும் நிலை வந்தாலோ, ஒதுக்கப்பட்டாலோ அதுவே வெளியேற்றக் காரணம் ஆகும் என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

வாடகை பாக்கி வழக்கில் மாத்திரம் சட்டம் ஒரு முறை மன்னிக்கிறது. அதிகாரி உத்தரவிட்டபடி பாக்கியைக் கட்டிவிட்டால் வெளியேற்ற மாட்டார்கள். அச்சலுகையைப் பெற்ற பிறகு மறுபடியும் தொடர்ந்து மூன்று மாதம் பாக்கி வைத்தால் சலுகை கிடையாது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்திவிடலாம். வாங்கினால் ரசீது கேட்டுப் பெறுவது நம் உரிமை.

இவையெல்லாம் மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்படாத வாடகைக்குத்தான். அதற்கு மேற்பட்ட வாடகையில் இருப்பவர்களை 1988-ஆம் ஆண்டுத் திருத்தம் இச்சட்டத்தின் பாதுகாப்பிலிருந்தே விலக்கிவிட்டது. இன்றைக்குப் புதிதாக வீடு பிடிக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் அவ்வகையினவே. அவர்கள்மேல் சாதாரண சிவில் கோர்ட்டில் வழக்கு வரும். ஒப்பந்தக் காலம் முடிந்தது, அல்லது முறையான நோட்டீஸ் கொடுத்தாயிற்று என்பதே வீட்டுக்காரருக்குப் போதும். தேவை இன்னது என்று அவர் காட்ட வேண்டியதில்லை. இதிலே ஒரு விசித்திரம்: பாதுகாப்பு இல்லாத இந்தக் குடியிருப்பாளருக்கு, உண்மையையும் சட்டத்தையும் சேர்த்துப் பரிசீலிக்கும் முழு மேல்முறையீடு ஒன்று சிவில் நடைமுறைச் சட்டப்படி உண்டு. பாதுகாப்பு உள்ளவருக்கோ, சொந்தத் தேவை வழக்கில், அது இல்லை! ஆனால் வாதிட்டு நிறுத்த அதிகம் இல்லாத வழக்கில் முழு மேல்முறையீடு கிடைத்து என்ன பயன் என்று ஒருவர் கேட்டால், அதற்கும் மறுமொழி இல்லை.

உத்தரவு பிறந்தபின் செய்ய வேண்டியவற்றையும் கூறிவிடுகிறோம். சொந்தத் தேவை வழக்கில் வெளியேற்ற உத்தரவு பிறந்தாலும் ஆறு மாதத்துக்கு அதை நிறைவேற்ற முடியாது. சீராய்வு மனுவை அந்த ஆறு மாதம் முடியும் வரை ஒத்திப்போடாமல் உடனே தயார் செய்ய வேண்டும். மனுத் தாக்கல் செய்ததாலேயே உத்தரவு நின்றுவிடாது. தடை உத்தரவைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். உயர் நீதிமன்றத்துக்குப் போகாதவர்கள், கண்கூடான பிழை இருந்தால், வாடகை அதிகாரியிடமே மறுபரிசீலனை கோரவும் சட்டம் இடமளிக்கிறது.

வெற்றிக்கு வழியில்லை என்று வக்கீல் சொல்லுமிடத்து, வீம்புக்கு வாதாடுவதைவிடக் கால அவகாசம் கேட்பது மேல். பிள்ளைகளின் பரீட்சை முடியும்வரை, வயதானவர்களுக்கு வேறு வீடு அமையும்வரை என்று நியாயமான காரணம் சொன்னால் நீதிபதிகள் பெரும்பாலும் இரங்குகிறார்கள். இன்ன தேதிக்குள் காலி செய்வோம், அதுவரை வேறு யாருக்கும் பிடிப்பைக் கொடுக்கமாட்டோம் என்று கோர்ட்டில் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதை மீறினால் கோர்ட்டு அவமதிப்பு.

காலி செய்து போனபின்னும் அந்த வீட்டின் பக்கம் ஒரு கண் வைத்திருப்பது தவறில்லை. தமக்குத் தேவை என்று சொல்லி வீட்டைப் பெற்றவர் இரண்டு மாதத்துக்குள் அதில் குடியேறாவிட்டாலோ, வாடகை அதிகாரியின் அனுமதியின்றி மூன்று ஆண்டுகளுக்குள் வேறொருவருக்கு வாடகைக்கு விட்டாலோ, பழைய குடியிருப்பாளர் வாடகை அதிகாரியிடம் மனுச் செய்து, வீட்டையோ நஷ்டஈட்டையோ கேட்கலாம் என்று அதே 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு கூறுகிறது.